கால் ஸ்பூன், பத்து நிமிடம், நூறு ரூபாய்: வாசகர் கேள்வி–பதில்

ஒரு பழக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: காலையில் இரண்டு காபி, சாயங்காலம் இரண்டு டீ குடிப்பேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்று மாத சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 என்று வந்ததும் அடியோடு நிறுத்தினேன். நாலாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. மூன்று முறை முயன்றும் இதே கதைதான். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் உங்கள் வீட்டு ஸ்பூனைப் பாருங்கள். தலைதட்டி அளந்தால் ஒரு டீஸ்பூனில் 4 முதல் 5 கிராம் சர்க்கரை இருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஸ்பூனைக் கோபுரமாகக் குவித்துத்தான் போடுகிறோம். "இரண்டு ஸ்பூன்" என்று நினைத்துக்கொண்டு மூன்று போட்டுக்கொண்டிருப்போம். அதனால் முதல் வாரம் அளவைக் குறைக்கவே வேண்டாம். தலைதட்டிப் போடுங்கள், அது போதும்.

அடுத்து கணக்கு. தலைதட்டிய ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் நான்கு தம்ளருக்கு நாளொன்றுக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. அது பிஸ்கட், இனிப்பு, ஜூஸ் எல்லாம் சேர்த்து. இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு தம்ளரிலும் கால் ஸ்பூன் குறையுங்கள், அந்த அளவிலேயே இரண்டு வாரம் நில்லுங்கள். பிறகு அடுத்த கால் ஸ்பூன். இப்படி ஆறு படி இறங்கினால், பன்னிரண்டு வாரத்தில் தம்ளருக்கு அரை ஸ்பூன், நாளைக்கு 10 கிராம். மாத மளிகையில் உங்கள் ஒருவர் கணக்கு 1,200 கிராமிலிருந்து 300 கிராமாகியிருக்கும்.

நான்கு தம்ளரிலும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டும். காலைக் காபியை மட்டும் பழைய தித்திப்பில் விட்டுவைத்தால், நாக்கு அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் சப்பென்று ஒதுக்கும்.

இரண்டு இடத்தில் இது கவிழும். ஒன்று, சர்க்கரை குறைந்ததும் கசப்பும் துவர்ப்பும் முன்னே வரும். அதற்கு டிகாக்‌ஷனைக் கொஞ்சம் குறையுங்கள். டீ என்றால் தூள் போட்ட பிறகு கொதிக்கும் நேரத்தைக் குறையுங்கள். நெடுநேரம் கொதித்த டீயின் துவர்ப்பை மறைக்கத்தான் பலருக்கு இரண்டாவது ஸ்பூன் தேவைப்படுகிறது. இன்னொன்று, பால் பாத்திரத்திலேயே எல்லோருக்கும் சேர்த்துச் சர்க்கரை போடும் பழக்கம். அதை விட்டுவிட்டு அவரவர் தம்ளரில் போட்டுக்கொள்ளட்டும். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் மாஸ்டர் கை எவ்வளவு கம்மி என்று யாருக்கும் தெரியாது. "சர்க்கரை இல்லாம, தனியா குடுங்க" என்று கேளுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவது குறைப்பது ஆகாது. உடம்புக்கு அவையும் சர்க்கரைதான். கசப்பான செய்திதான், தெரிந்தே சொல்கிறோம்.

6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை (5.7 முதல் 6.4 வரை). இந்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுவது. ஆகவே பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு எடுங்கள். இரண்டாம் வாரமே லேப்புக்கு ஓடினால் எண் அசைந்திருக்காது, மனம்தான் உடையும். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றையும் இனிப்பையும் பெரிதாகக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் தாழ்சர்க்கரை வரும்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். நான் 17-ஆம் நாள் விட்டுவிட்டேன். முதலிலிருந்து எண்ண வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். 18 என்று எண்ணுங்கள்.

அந்த 21-க்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1960-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பின் மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" காலப்போக்கில் உதிர்ந்தது, முகம் போய்ப் பழக்கம் வந்தது, எண் மட்டும் நின்றுவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வருமளவுக்குப் படிய எடுத்த நாட்களின் நடுமதிப்பு 66. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. உணவு, பானம் சார்ந்தவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி அதைப்போல் ஒன்றரை மடங்கு காலம் எடுத்தது. உங்களுக்குத் தேவையான செய்தியும் அதிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

மண்டலக் கணக்கு வேறு. அது விரதம். விரதத்தில் இடையில் விட்டால் பங்கம், அதன் நியாயம் அதற்கு. காலை நடையையும் பல் துலக்குவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், ஒரு நாள் தவறியதும் "போச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று மொத்தத்தையும் போட்டுவிடுவோம். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது.

நாள் எண்ணுவதைவிட முக்கியமானது, எதற்குப் பின் செய்வது என்பது. "தினமும் பிராணாயாமம் செய்வேன்" என்பதற்குப் பிடிமானம் இல்லை. "பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும், ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று நிமிடம்" என்பதற்கு உண்டு. ஏற்கெனவே நாள் தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். கட்டும் வேலை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடப்பதாக இருக்கட்டும். "சாப்பிட்ட பிறகு" என்றால் எந்தச் சாப்பாடு என்று மனது பேரம் பேசும்.

கேள்வி: ஜனவரி 1 அன்று புது ஷூ வாங்கி தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் குதிகால் வலி. காலையில் படுக்கையிலிருந்து இறங்கினால் ஊன்ற முடியவில்லை. வயது 52. பத்தாயிரம் அடி கட்டாயமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: காலையில் முதல் சில அடிகளில் குதிகால் குத்துவது பெரும்பாலும் பாதத்தின் அடியில் ஓடும் தசைநார்ப் பட்டையில் ஏற்படும் எரிச்சல். வருடக்கணக்காக நாற்காலியில் இருந்த காலுக்கு ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் கொடுத்ததன் விளைவாக இருக்கலாம். இதயமும் நுரையீரலும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். தசைநாருக்கு மாதக்கணக்கு வேண்டும். "மூச்சு வாங்கவில்லை, இன்னும் நடக்கலாமே" என்று தோன்றும் இடத்தில்தான் கால் அடிபடுகிறது. வலி அடங்கும்வரை வெறுங்காலோடு கடினத் தரையில் நடக்காதீர்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெல்ல இறக்கிக் கெண்டைக்கால் தசையை நீட்டுவது உதவும். சில வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பத்தாயிரம் கட்டாயமில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு "மான்போ-கேய்", அதாவது "பத்தாயிரம் அடி மானி" என்று பெயர் வைத்தார்கள். கேட்க நன்றாக இருந்த எண், அப்படியே உலகம் சுற்றிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

வலி போனபின் இப்படிப் போகலாம். முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். அடுத்தடுத்த வாரம் ஐந்தைந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் அரை மணி நேரம். சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் தணியும். எந்த வாரமாவது காலையில் குதிகால் பேசினால் அந்த வாரம் கூட்டாதீர்கள், இருந்த அளவிலேயே இருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதில் படிப்படி கிடையாது.

சென்னையில் ஜனவரித் தீர்மானங்களை வெயில் கொல்லும், மிச்சத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொல்லும். மழை நாளுக்கான மாற்றை இப்போதே எழுதி வையுங்கள்: மழை பெய்தால் அதே நேரத்தில், அதே ஷூவோடு, ஹாலிலிருந்து சமையலறைக்குப் பத்து நிமிடம். கேலியாக இருக்கும். ஆனால் மழை விட்ட மறுநாள் வெளியே நடப்பவர் அந்தக் கேலிக்காரராகத்தான் இருப்பார்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பாத்ரூமில் ஒரு முறை வழுக்கியதிலிருந்து நடமாட்டத்தையே குறைத்துக்கொண்டார். உடற்பயிற்சி என்றால் "இந்த வயசுல எதுக்குடி" என்கிறார்.
– வாசகி, சேலம்

பதில்: பயிற்சிக்கு முன் பாத்ரூம். கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் அருகே சுவரில் துளையிட்டுப் பொருத்தும் கைப்பிடி போடுங்கள் (உறிஞ்சி ஒட்டும் வகை வேண்டாம், எடை விழும்போது கழன்று வரும்). வழுக்காத மிதியடியும், இரவில் எரியும் சின்ன விளக்கும் வேண்டும். இதற்கு அம்மாவின் மனது மாற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றங்களிலேயே எளியது இந்த வகை.

பயிற்சி என்ற சொல்லை எடுக்காதீர்கள். குக்கர் அடுப்பில் ஏறியதும், சக்கரம் இல்லாத, கையுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் நாற்காலிக் கையை ஊன்றலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கையில் இறங்க வேண்டும். தொடைக்கு வேலை அங்கேதான். எளிதானதும் எட்டு, பிறகு பத்து. பத்து சுலபமாக வந்தால் கையை ஊன்றாமல் ஐந்திலிருந்து மறுபடி தொடங்கலாம். நாற்காலி தாழ்வாக இருந்து முட்டி வலித்தால் கெட்டியான ஒரு தலையணையைப் போட்டு உயர்த்துங்கள். எழுந்ததும் தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வயதானவர்கள் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம். சனிக்கிழமை வாங்கினால் திங்கட்கிழமை கையில் இருப்பதில்லை. மாதம் 1,000 ரூபாய் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. போட்டு மூன்றாம் மாதமே நின்றுபோனது. 30,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கிய கடனும் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: கடனிலிருந்து தொடங்குவோம். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36. உங்கள் 30,000-க்கு மாதம் 900 ரூபாய் வட்டி. எந்த ஆர்.டி.யும் இதன் கால்வாசிகூடத் தராது. ஆகவே பெரிய பணம் கடனின் அசலுக்குப் போகட்டும். சேமிப்பு சிறியதாக, ஆனால் நிற்காமல் இருக்கட்டும். சேமிப்பே வேண்டாம் என்று சொல்லாததற்குக் காரணம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் 500 ரூபாய்க்கு மறுபடி அதே வட்டிக்காரர் வாசலில் நிற்கக்கூடாது என்பதுதான். அசலில் கொஞ்சம் கட்டினால் வட்டியும் அந்த அளவுக்கு இறங்குமா என்று முதலிலேயே கேட்டு, கட்டியதை எழுதி வாங்குங்கள். சிலர் அசலை மொத்தமாகத்தான் வாங்குவோம் என்பார்கள். அப்படியானால் அந்தப் பணத்தை வங்கியில் சேர்த்து ஒரே தடவையில் அடையுங்கள்.

ஆர்.டி. ஏன் நின்றது? நல்ல மாதத்தைப் பார்த்து 1,000 என்று முடிவு செய்தீர்கள். ஆர்டர் குறைந்து வேலை நாள் குறையும் மாதத்தைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும். அஞ்சலக ஆர்.டி.யில் குறைந்தபட்சம் மாதம் 100 ரூபாய், ஐந்து வருடம், 60 தவணை. ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால் உயிர்ப்பிக்கலாம். உங்களுடையது இன்னும் அந்தக் கெடுவுக்குள் இருந்தால் அஞ்சலகத்தில் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு தவணை கட்டிய பின், கட்டியதில் பாதிவரை கடன் எடுக்க முடியும். நடுவில் தொகையைக் கூட்ட முடியாது. ஆனால் இன்னொரு கணக்கு திறக்கலாம். ஆகவே 200 ரூபாயில் தொடங்குங்கள். ஆறு மாதம் தடங்கலின்றிப் போனால் இன்னொரு 200.

தேதியும் முக்கியம். கணக்கை மாதத்தின் 1 முதல் 15-க்குள் திறந்தால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு திறந்தால் மாதக் கடைசி வேலை நாள்வரை அவகாசம். வாரச் சம்பளக்காரருக்கு இரண்டாவதுதான் வசதி, மூன்று சனிக்கிழமைகளாவது கையில் கிடைக்கும். சனிக்கிழமை கம்பெனி வாசலிலேயே 50 ரூபாயை எடுத்து வேறு பையில் வையுங்கள், அல்லது ஆர்.டி.க்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கில் அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய், செலவு போக மிச்சத்தை எடுத்து வைக்கலாம் என்றால் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

சீட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவான சீட்டா என்று பாருங்கள். தெரிந்த அக்கா நடத்துகிறார் என்பது பதிவு ஆகாது.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. இரவு ஒன்றரைக்குத் தூங்கி எட்டரைக்கு எழுகிறேன். ஐந்து மணிக்கு எழ அலாரம் வைத்தால் இரண்டே நாளில் கைவிட்டுவிடுகிறேன்.
– வாசகர், மதுரை

பதில்: முதல் நாளே ஐந்துக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குச் சோறு உண்டதும் கண்ணைச் சொருகும், மூன்று மணி நேரம் தூங்குவீர்கள், ராத்திரி ஒன்றரைக்குக் கூடத் தூக்கம் வராது.

எழும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். எட்டரையிலிருந்து ஐந்துக்கு 14 படி, 42 நாள். தேர்வுக்கு முன் அந்த நேரத்தில் பழக இன்னும் ஏழு வாரம் மிச்சம் இருக்கும். படுக்கும் நேரத்தைப் பற்றி முதலில் கவலைப்படாதீர்கள், எழும் நேரம் நகர்ந்தால் அது பின்னால் வரும். எழுந்ததும் மாடிக்குப் போய் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உடம்புக் கடிகாரத்தைத் திருப்புவது அந்த வெளிச்சம்தான். நாலு மணிக்குமேல் டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பகல் தூக்கம் அவசியமென்றால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம், அலாரத்தோடு. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்குவது ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் திங்கட்கிழமை முன்னேற்றம் போய்விடும்.

செல்போன் சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கமாட்டேன் என்று சபதம் செய்வது, வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விரதம் இருப்பது மாதிரி.

எழுந்த நேரத்தில் என்ன படிப்பது என்பதை முந்தின இரவே மேசையில் விரித்து வையுங்கள். முதல் வாரம் பழைய வினாத்தாளில் பத்துக் கேள்வி, அவ்வளவுதான்.

கேள்வி: இதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பது அவசியமா? ஆப் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: சமையலறை மாதக் காலண்டரில் பேனாவால் ஒரு டிக் போதும். ஆப்பைத் திறக்கப் போய் வேறெங்கோ போய்விடுகிறோம்.

கேள்வி: ஒரு நாளைக்கு 12 சிகரெட் பிடித்தேன். வாரம் ஒன்றாகக் குறைத்து ஐந்தில் நிற்கிறது. எட்டு மாதமாக அந்த ஐந்து நகரவில்லை. இன்னும் சின்னப் படியாக வைக்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. இந்த ஒன்றில் சின்னப் படியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எண்ணிக்கை குறையும்போது மிஞ்சிய ஒவ்வொரு சிகரெட்டும் அதிக ருசியாகிறது, இழுப்பும் ஆழமாகிறது. உங்கள் ஐந்துதான் உங்கள் பன்னிரண்டிலேயே கெட்டியான ஐந்து. 2016-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் கழித்தும் பிடிக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம்.

படிகள் உண்டு, ஆனால் அவை நிறுத்தும் நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு. தேதியைக் குறியுங்கள். அந்த ஐந்தும் எந்த நேரம், யாரோடு, எந்த இடம் என்று மூன்று நாள் எழுதுங்கள். அநேகமாக ஒன்று காலைக் கடன், ஒன்று டீக்கடை, ஒன்று சாப்பாட்டுக்குப் பின் என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாற்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டீயை ஒரு மாதம் வேறு கடையில் குடிப்பதும் ஒரு மாற்றுதான். தூண்டுதல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்தச் சில நிமிடத்துக்கு வாய்க்கு ஏலக்காயோ கிராம்போ, கைக்கு ஏதாவது வேலை.

நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் 4 தேவைப்படலாம், அதையும் மருத்துவர் சொல்லட்டும். பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல் மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாகக் கடித்து, காரம் போலச் சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தோரம் ஒதுக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி கடிக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி. காபி, டீ, ஜூஸ் குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் போட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. இலவசத் தொலைபேசி ஆலோசனைக்கு தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356.

மதுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தக்கூடாது. ஒன்றிரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் மாத்திரை கொடுத்து, தேவையென்றால் சேர்த்துக்கொண்டு நிறுத்துவார்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதைக் கூடப் போகிறவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், மருந்தளவு அதை வைத்துத்தான்.